சங்கத்தை உடைக்க நிர்வாகம் இறங்கும்போது: கமிட்டியா, கோர்ட்டா, ஸ்டிரைக்கா, ஊரா?

புதிதாகச் சங்கம் தொடங்கிய தொழிற்சாலைகளில் முதல் சில மாதங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகும். பதிவுக்கு மனு போட்ட செய்தி வெளியே தெரிந்ததும், முன்னால் நிற்கும் நாலைந்து பேருக்கு வேறு பிரிவுக்கு மாற்றல் வரும். ஒருவருக்குச் சார்ஜ் மெமோ, இன்னொருவருக்கு சஸ்பென்ஷன். ஊரில் இருக்கும் அப்பாவுக்குப் போன் போகும்: ‘உங்கள் பையன் யார் பேச்சையோ கேட்டு வேலையைக் கெடுத்துக்கொள்கிறான்.’ அதே நேரத்தில் நிர்வாகமே ‘தொழிலாளர் கமிட்டி’ என்று ஒன்றை அமைக்கும். சங்கம் கேட்டதில் கொஞ்சத்தை எடுத்து, அந்தக் கமிட்டி கேட்டு வாங்கியதாகச் சொல்லிக் கொடுக்கும்.

அப்போது கூடும் சங்கக் கூட்டத்தில் நாலு யோசனைகள் எழும். கமிட்டிக்குள்ளேயே போய் உட்கார்ந்து பேசலாம் என்பார்கள் சர்வீஸ் கூடியவர்கள். தொழிலாளர் துறைக்கும் கோர்ட்டுக்கும் போகலாம் என்பார்கள் சிலர். நாளைக்கே லைனை நிறுத்தலாம் என்பார்கள் இளைஞர்கள். ஊர் மக்களையும், பொருளை வாங்கும் பெரிய பிராண்டுகளையும் நம் பக்கம் இழுக்கலாம் என்ற நாலாவது யோசனை பெரும்பாலும் கடைசியில்தான் வரும், அதுவும் டீ குடித்துக் கலையும் நேரத்தில். நாலுமே தமிழ்நாட்டில் நடத்திப் பார்க்கப்பட்டவை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களை வெளியே நிறுத்திவிட்டு அந்தத் தொழிற்சாலை எத்தனை நாள் ஓட முடியும் என்ற கணக்குதான் இதில் முதல் கணக்கு. அதைப் போடாமல் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அது நிர்வாகத்துக்குச் சாதகமாகத்தான் முடியும். பல தொழிற்சாலைகளில் அந்தக் கணக்கின் விடை ஒப்பந்தத் தொழிலாளர்கள் கையிலும் பயிற்சியாளர்கள் கையிலும் இருக்கிறது. சங்கம் தொடங்கும்போது நாம் கண்டுகொள்ளாமல் விடுவதும் அவர்களைத்தான்.

கமிட்டிக்குள் போவது

இதில் உடனடி லாபம் உண்டு என்பதை மறுக்க முடியாது. கேன்டீன் சாப்பாடு, பஸ் வசதி, ஷிப்ட் அலவன்ஸ் போன்றவை கமிட்டி வழியாகச் சீக்கிரம் நடக்கும். சங்கத்தின் மேல் உள்ள கோபத்திலேயே நிர்வாகம் கமிட்டிக்குத் தாராளமாகக் கொடுக்கும். 2024-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, சங்கத்தில் சேராத ஒரு குழுவுடன் நிர்வாகம் ஒப்பந்தம் போட்டது. மாதம் ரூ.5,000 ஊக்கத்தொகை அதில் ஒரு அம்சம். வெளியே பந்தலில் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருப்பவரின் வீட்டில் அந்த 5,000 என்ன பேச்சைக் கிளப்பும் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும்.

கமிட்டியின் குறை அதன் ஆட்களில் இல்லை, சில சமயம் நல்ல ஆட்களே அதில் இருப்பார்கள். அதைக் கூட்டுவதும் கலைப்பதும் நிர்வாகம் என்பதுதான் சிக்கல். அதற்குச் சந்தா இல்லை, நிதி இல்லை, தன் பெயரில் வழக்குப் போட முடியாது. கமிட்டி ஆளை வேலையை விட்டு நீக்கினால் கேட்க யாரும் வரமாட்டார்கள். 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் சட்டப்படி அமைக்கப்படும் ஒர்க்ஸ் கமிட்டி வேறு. அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் உண்டு, அன்றாடப் பிரச்சினைகளைப் பேச அது இருக்கட்டும். சம்பள ஒப்பந்தத்தை அதனிடம் ஒப்படைக்கச் சொன்னால் மறுத்துவிட வேண்டும்.

உள்ளே இருப்பவர்களை விலைக்கு வாங்குவது இதன் அடுத்த படி. அரியானாவில் மாருதி சுசுகியின் மானேசர் ஆலையில் 2011-ல் தொழிலாளர்கள் தங்கள் சொந்தச் சங்கத்துக்காக மாதக்கணக்கில் போராடினார்கள். ஜூனில் 13 நாள் உள்ளிருப்பு, அப்புறம் நன்னடத்தைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவோம் என்ற நிபந்தனை, மறுபடி போராட்டம். முடிவில், சஸ்பெண்ட் ஆகியிருந்த 30 பேர், தலைவர்கள் உட்பட, பணம் பெற்றுக்கொண்டு விலகினார்கள். கீழே இருந்தவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கி 2012-ல் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். அதே ஆண்டு ஜூலை 18 அன்று ஆலைக்குள் நடந்த வன்முறையில் மனிதவள மேலாளர் ஒருவர் உயிரிழந்தார். 546 நிரந்தரத் தொழிலாளர்கள் நீக்கப்பட்டார்கள். 2017-ல் 13 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தலைவர்கள் நாலைந்து பேரை மட்டும் நம்பி நிற்கும் சங்கம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு 2011-ன் முடிவு ஒரு சான்று. பேச்சுக்கு இடமே இல்லாமல் மூடி வைத்தால் கோபம் எங்கே போய் வெடிக்கும் என்பதற்கு 2012 இன்னொன்று. அந்த வெடிப்பால் அதிகம் இழந்தது தொழிலாளர்களும் இறந்தவரின் குடும்பமும்தான்.

சட்டத்தின் வழி

சட்டம் மெதுவாகப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அது இரண்டு பக்கமும் வெட்டும் என்பது பலருக்கு மறந்துவிடுகிறது. 1918 ஏப்ரலில் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படுகிறது. பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் அதில் முன்னின்றவர்கள். பெரம்பூர் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகளை நடத்திய பின்னி கம்பெனி, ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளர்களைத் தூண்டியதாக வாடியா மீதே உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தடையாணையும் இழப்பீடும் அவருக்கு எதிராக வந்தன. கடைசியில் வாடியா சங்கப் பணியிலிருந்து விலகினார். தொழிற்சங்கம் நடத்துவதே சிவில் குற்றமாக ஆகக்கூடும் என்ற நிலையை அந்த வழக்கு காட்டியதால்தான், சங்க நிர்வாகிகளுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 1926 தொழிற்சங்கச் சட்டம் அப்படி வந்தது. அந்தப் பாதுகாப்பு இன்றைய சட்டத்திலும் தொடர்கிறது.

இன்றைய சட்டம் என்பது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு. 1926 சட்டமும் 1947 தொழில் தகராறு சட்டமும் அதற்குள் போய்விட்டன. சங்கப் பதிவுக்கு மொத்தத் தொழிலாளரில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அது போதும் என்ற விதி முன்பு போலவே இருக்கிறது.

பதிவு மட்டும் இருந்தால் நிர்வாகம் பேசியாக வேண்டும் என்ற கட்டாயம் தமிழ்நாட்டில் இந்தத் தொகுப்புக்கு முன் இருந்ததில்லை. மகாராஷ்டிரத்திலும் கேரளத்திலும் சங்க அங்கீகாரத்துக்குத் தனிச் சட்டங்கள் வந்தன, நமக்கு வரவில்லை. அதனால்தான் பதிவுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் கேட்டில் நின்ற சங்கங்கள் இங்கே இருக்கின்றன. புதிய தொகுப்பு இதை மாற்றியிருக்கிறது. ஆலையின் மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) உள்ளவர்களில் 51 சதவீதம் பேர் ஒரு சங்கத்தை ஆதரித்தால் அதுதான் பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் அது இல்லையென்றால், 20 சதவீதம் ஆதரவு உள்ள சங்கங்கள் சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழுவாக உட்காரும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிர்வாகத்தின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். சங்கமே வேண்டாம் என்று முரண்டு பிடிப்பதைவிட, இரண்டாவது சங்கம் ஒன்றைத் தொடங்கிவைத்து உங்களை 51-க்குக் கீழே வைத்திருப்பது இனி அவர்களுக்கு லாபம். கம்பெனி சங்கம் என்று நாம் திட்டும் சமாச்சாரத்துக்கு இனி மவுசு கூடும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் மஸ்டர் ரோலில் இருப்பவர்கள். லைனில் பாதிப் பேர் அவர்களாக இருந்தாலும் இந்த எண்ணிக்கைக்குள் வருவது கடினம்.

சட்ட வழியில் உருப்படியான பாதுகாப்பு ஒன்று இருக்கிறது, அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. பதிவுபெற்ற சங்கத்தின் நிர்வாகிகளில் ஒரு பகுதியினரைப் ‘பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்’ என்று அறிவிக்கக் கேட்கலாம். மொத்தத் தொழிலாளரில் 1 சதவீதம், குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 100 பேர். தகராறு நிலுவையில் இருக்கும்போது அவர்களை நீக்கவோ தண்டிக்கவோ வேண்டுமென்றால், தாவா எந்த அதிகாரியின் முன் இருக்கிறதோ அவரிடம் நிர்வாகம் முன் அனுமதி வாங்க வேண்டும். 1,800 பேர் ஆலையில் 18 பேர். அந்தப் பட்டியலை உரிய நேரத்தில் எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரை வாங்கி வைத்திருக்கும் சங்கச் செயலாளர், பத்து கேட் மீட்டிங் பேசியவரைவிட அதிகம் செய்திருக்கிறார் என்பேன்.

சங்கத்தில் சேர்ந்ததற்காகப் பழிவாங்குவது, கம்பெனி சங்கத்தை வளர்ப்பது எல்லாம் ‘நியாயமற்ற தொழில் நடைமுறை’ என்று சட்டத்தில் எழுதியே இருக்கிறது. பழைய சட்டத்தில் ஆறு மாதம் வரை சிறை அல்லது ரூ.1,000 வரை அபராதம் என்று இருந்தது. இப்போது முதல் முறை செய்தால் சிறை இல்லை, அபராதம் மட்டும்தான், ரூ.10,000 முதல் ரூ.2 லட்சம் வரை. ஒரு பெரிய கம்பெனியின் வக்கீல் ஒரு நாள் ஆஜராவதற்கு வாங்கும் பணத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அதனால் தண்டனையை எதிர்பார்த்து இந்த வழியில் போகாதீர்கள். பதிவும், பாதுகாப்புப் பட்டியலும், சமரச அதிகாரி முன்னால் எழுத்தில் பதிவாகும் கோரிக்கைகளும்தான் இதன் பயன்.

சாம்சங் விஷயத்தில் பதிவுக்கே எவ்வளவு பாடு என்று பார்த்தோம். 2024 நடுவில் மனு போனது. சங்கத்தின் பெயரில் தங்கள் வணிகப் பெயர் இருக்கக் கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது. விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. ‘சங்கமற்ற நிர்வாகம்’ என்ற கொள்கையை இனித் தொடர மாட்டோம் என்று அந்த நிறுவனத்தின் தலைமை தென்கொரியாவில் பகிரங்கமாக அறிவித்தது 2020 மே மாதம். சியோலில் சொன்ன சொல் சுங்குவார்சத்திரம் வந்து சேர இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

வேலையை நிறுத்துவது

அந்தப் பதிவு எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2024 செப்டம்பர் 9 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினார்கள். வேலை செய்யாவிட்டால் சம்பளம் இல்லை, தொடர்ந்தால் வேலையே போகலாம் என்று நிறுவனம் எச்சரித்தது. அக்டோபரில் போலீஸ் பந்தலைப் பிரித்தது, தொழிலாளர்களைக் கைது செய்தது. மாநில அமைச்சர்கள் மத்தியஸ்தம் பேசினார்கள். 37 நாளுக்குப் பிறகு அக்டோபர் நடுவில் போராட்டம் திரும்பப் பெறப்பட்டது. பழிவாங்கல் இருக்காது, கோரிக்கைகளுக்கு சமரச அதிகாரி முன் நிர்வாகம் எழுத்தில் பதில் தரும் என்பவைதான் அன்று கிடைத்த உறுதிகள். சங்க அங்கீகாரம் அதில் இல்லை. அடுத்த பிப்ரவரியில் சில நிர்வாகிகள் சஸ்பெண்ட் ஆனார்கள், உள்ளிருப்பு நடந்தது, மேலும் பலர் சஸ்பெண்ட் ஆனார்கள்.

அப்படியானால் 37 நாள் வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. அந்த நாட்கள் இல்லாவிட்டால் அமைச்சர்கள் வந்திருக்க மாட்டார்கள், பதிவு மனு இன்னும் ஏதோ ஒரு மேசையில் தூங்கியிருக்கும். அதே சமயம், உள்ளே உற்பத்தி முழுதாக நிற்கவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. வேலைக்கு வந்தவர்களையும் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் வைத்து நிர்வாகம் லைனை ஓட்டியது. வேலைநிறுத்தத்தின் பலத்தைப் பாதியாக்கியது அதுதான்.

இதே வழியில் 2018-ல் ஒரகடத்தில் யமஹா தொழிலாளர்கள் இரண்டு மாதத்துக்கு நெருக்கமாகப் போராடினார்கள். சங்கம் தொடங்கியதற்காக இரண்டு பேரை நீக்கியதில் ஆரம்பித்தது அது. அதே நேரத்தில் ராயல் என்ஃபீல்டிலும் இன்னொரு உதிரிபாக ஆலையிலும் வேலைநிறுத்தம் நடந்ததால் விஷயம் ஒரு வட்டாரத்தின் பிரச்சினையாக மாறியது. பக்கத்து ஆலைகள் ஒன்றுக்கொன்று துணை நிற்கும்போது மாவட்ட நிர்வாகம் காட்டும் அவசரமே வேறு.

புதிய தொகுப்பு வேலைநிறுத்தத்தை எப்படிச் சுற்றி வளைத்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் தேதி குறிக்கக் கூடாது. முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த முன்னறிவிப்புக் கட்டாயம் இப்போது எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் வந்துவிட்டது. 14 நாள் நோட்டீஸ் வேண்டும். நோட்டீஸ் போனதும் சமரச அதிகாரி முதல் கூட்டத்தைக் கூட்டினால் சமரச நடவடிக்கை தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அது முடியும் வரையிலும், முடிந்து 7 நாள் வரையிலும் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். தீர்ப்பாயத்துக்குப் போனால் அது முடிந்து 60 நாள் வரை. பாதிப் பேர் ஒன்றாகக் கேஷுவல் லீவ் போட்டாலும் அது வேலைநிறுத்தம்தான் என்று வரையறை சொல்கிறது. சட்டவிரோத வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டால் ரூ.1,000 முதல் ரூ.10,000 வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முதல் முறை பழிவாங்கும் நிர்வாகிக்கு இருந்த சிறையை எடுத்துவிட்டு, வேலையை நிறுத்தும் தொழிலாளிக்குச் சிறையை வைத்திருக்கிறார்கள். இதில் யார் பக்கம் நின்று சட்டம் எழுதினார்கள் என்று விளக்கத் தேவையில்லை.

ஆகவே ‘நாளைக்கே நிறுத்துவோம்’ என்ற யோசனை இன்று முன்னைவிட ஆபத்தானது. கோபத்தில் நிறுத்திய அன்றே, நீக்குவதற்கான காரணம் நிர்வாகத்தின் கையில் வந்துவிடும். சில இடங்களில் நிர்வாகம் வேண்டுமென்றே சீண்டிப் பார்க்கும், ஒரு சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை பேசுவார், யாராவது கையை ஓங்க மாட்டார்களா என்று காத்திருப்பார்கள். நோட்டீஸ் கொடுத்து, ஓட்டெடுத்து, குறைந்தது ஒரு மாதம் தாக்குப்பிடிக்க நிதி சேர்த்த பிறகு நிறுத்துவதென்றால் நிறுத்துங்கள். நிறுத்துவோம் என்ற அறிவிப்பே பல சமயம் நிறுத்துவதைவிட அதிகம் வாங்கித் தரும்.

ஊரும் வாங்குபவரும்

1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியபோது அவர்களுக்குப் பதிவுபெற்ற சங்கம் கிடையாது, சங்கத்துக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் கிடையாது, வெள்ளைக்காரர் மில்லும் வெள்ளைக்காரர் போலீஸும் எதிரே. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னே நின்றார்கள். ஒன்பது நாளில் கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை ஆகியவற்றை நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அதைச் சாத்தியமாக்கியது ஊர். நகரத்தார் நிதி கொடுத்தார்கள். வெளியே நின்ற தொழிலாளர் பலருக்கு ஊரிலேயே வேறு வேலை கொடுத்தார்கள். வேலைநிறுத்தத்தை எதிர்த்துப் பேசிய ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்ய நாவிதர் மறுத்துவிட்டார்.

இதற்கு நேர் எதிரான கதை பதின்மூன்று ஆண்டு கழித்துச் சென்னையில் நடந்தது. 1921 ஜூனில் பின்னி ஆலைகளில் தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் வரை இழுத்தது. சங்கத்தின் தலைமை பெரும்பாலும் சாதி இந்துக்களிடம் இருந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதி வேலைக்குத் திரும்பினார்கள். வேலைக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் இடையிலான பகை சாதி மோதலாக மாறியது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. வேலைநிறுத்தம் தோற்றது. சங்கம் எழுந்து நிற்கப் பல ஆண்டு பிடித்தது.

வேலைக்குத் திரும்பியவர்களைக் கருங்காலிகள் என்று எழுதிவைத்த வரலாறுகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஊருக்குள் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவர்கள், ஆலை வாசலில் மட்டும் தோழர் என்று அழைத்தால் யார் நம்புவார்கள்? கையில் சேமிப்பே இல்லாத ஆளிடம் மாதக்கணக்கில் பட்டினி கிட என்று கேட்கும்முன் அவருக்குச் சங்கம் என்ன செய்திருந்தது? நிர்வாகம் அந்தப் பிளவை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த பிளவைப் பயன்படுத்திக்கொண்டது, அவ்வளவுதான்.

இன்று அந்த இடத்தில் ஒப்பந்தத் தொழிலாளரும், அப்ரண்டிஸும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஷெட்டில் தங்கியிருப்பவரும் நிற்கிறார்கள். நிரந்தரத் தொழிலாளி வாங்குவதில் ஒரு பகுதிதான் அவர்களுக்குச் சம்பளம். கோரிக்கைப் பட்டியலில் அவர்களுக்கென ஒரு வரிகூட இருக்காது. கேன்டீனில் தனி வரிசை. இப்படி இருந்துவிட்டு, வேலைநிறுத்த நாளில் அவர்கள் லைனில் ஏறினால் துரோகம் என்கிறோம். தமிழ்நாட்டில் 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-லேயே சட்டம் வந்தது. கோரிக்கைப் பட்டியலின் முதல் வரியாக இதை வைத்த சங்கம், 51 சதவீதக் கணக்கில் அவர்கள் வராவிட்டாலும், லைனை ஓட்டும் கணக்கில் அவர்களைத் தன் பக்கம் வைத்திருக்கும். இந்திக்காரர்கள் என்று ஒதுக்கிப் பேசும் ஒவ்வொரு கேட் மீட்டிங்கும் நிர்வாகத்துக்குச் செய்யும் உதவி.

ஊர் என்பது இன்று உள்ளூரோடு முடியவில்லை என்பதற்குத் திண்டுக்கல் உதாரணம். அங்கே ஒரு ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர்தான் கொன்றதாகக் கைதானவர். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் இதைக் காவல் நிலைய விவகாரமாக மட்டும் விடவில்லை. ஏசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ் போன்ற கூட்டமைப்புகளுடன் சேர்ந்து, அந்த ஆலை யாருக்குத் துணி தைக்கிறது என்று பார்த்து, அந்த பிராண்டுகளின் கதவைத் தட்டியது. 2022-ல் அந்த ஆலையின் தாய் நிறுவனமான ஈஸ்ட்மேனுடன் ஒப்பந்தம் வந்தது. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகியவை அதோடு சேர்ந்து கையெழுத்திட்டன. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள், சுதந்திரமான புகார் விசாரணை, சங்கத்தில் சேர்ந்ததற்காகப் பழிவாங்கத் தடை, ஆலை மீறினால் ஆர்டரில் விளைவு ஆகியவை அதில் இருந்தன. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை அந்த ஆலையின் சரக்கைத் தடுத்து நிறுத்தியது, ஒப்பந்தம் நடைமுறையில் இருப்பதைப் பார்த்து செப்டம்பரில் தடையை விலக்கியது. ரூ.2 லட்சம் அபராதத்துக்குப் பயப்படாத முதலாளி, அமெரிக்கத் துறைமுகத்தில் கன்டெய்னர் நின்றால் பயப்படுவார்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. பிராண்டுக்குச் சரக்குப் போகும் ஆலையாக இருக்க வேண்டும். தீப்பெட்டிக்கும் செங்கல் சூளைக்கும் இது பொருந்தாது. பிராண்ட் கோபித்துக்கொண்டு ஆர்டரையே வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டால் சங்கமும் இல்லை, வேலையும் இல்லை. அதனால்தான் திண்டுக்கல்லில் ‘வாங்காதே’ என்று கேட்காமல் ‘இருந்து சரிசெய்’ என்று கேட்டார்கள். அந்த வித்தியாசம் மிக முக்கியம். வெளிநாட்டு நிறுவனமே நேரடியாக நடத்தும் ஆலையென்றால் இன்னொரு கதவும் உண்டு: தாய் நாடு ஓஇசிடி என்ற பொருளாதாரக் கூட்டமைப்பின் உறுப்பினராக இருந்தால், அங்குள்ள தேசியத் தொடர்பு மையத்தில் புகார் கொடுக்கலாம். அதன் முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனால் தலைமை அலுவலகத்தின் மேசைக்கு விஷயம் போய்ச் சேரும். சங்க உரிமை பற்றிய ஐஎல்ஓ (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) உடன்படிக்கைகள் 87, 98 இரண்டையும் இந்தியா ஏற்றுக் கையெழுத்திடாததால் அந்தப் பக்கம் பெரிய பிடி இல்லை.

எந்த ஆலைக்கு எது

நிரந்தரத் தொழிலாளர்கள் இல்லாமல் லைன் ஓடாது, அவர்களில் முக்கால்வாசிப் பேர் உங்களிடம் இருக்கிறார்கள் என்றால்: பதிவு செய்யுங்கள், 51-ஐ நிரூபிக்கக் கேளுங்கள், வேலைநிறுத்த ஓட்டெடுப்பை முடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது வரை போகத் தேவைப்படாது.

லைனில் பாதிக்கு மேல் ஒப்பந்தத் தொழிலாளரும் பயிற்சியாளரும் என்றால் வேலைநிறுத்தத்தை மறந்துவிடுங்கள், இப்போதைக்காவது. ஆறு மாதமோ ஒரு வருடமோ அவர்களைச் சேர்ப்பதில் செலவாகட்டும். அதற்குள் நிர்வாகம் இரண்டாவது சங்கத்தைக் கொண்டுவந்துவிடும் என்ற பயம் நியாயமானது. வந்தாலும் வரட்டும், அரைகுறைப் பலத்தில் கேட்டுக்கு வெளியே போய் நிற்பதைவிட அது மேல்.

ஏற்றுமதி ஆலை, பெண்கள் அதிகம், ஹாஸ்டலில் தங்க வைத்திருக்கிறார்கள், வெளியாட்களைச் சந்திக்கவே முடியாது என்ற நிலை என்றால் திண்டுக்கல் வழி. அதற்கு ஆதாரம் வேண்டும்: எந்தத் தேதியில் எந்த பிராண்டின் லேபிள் தைத்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்ற குறிப்பு. சிறிய ஆலை, ஐம்பது அறுபது பேர், உள்ளூர் முதலாளி என்றால் கோர்ட்டைவிட ஊர்தான் வேலை செய்யும்.

எந்த வழியில் போனாலும் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: கமிட்டி வாங்கித் தந்த பணத்தை வாங்கலாமா, வேண்டாமா? சில சங்கங்கள் கூடாது என்று கட்டளை போட்டு, வீட்டு வாடகை கட்ட முடியாத உறுப்பினர்களை இழந்திருக்கின்றன. வாங்கச் சொல்லுங்கள், அது அவர்கள் உழைப்பின் பணம். வாங்கும்போது நீட்டும் காகிதத்தை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். சமரச அதிகாரி முன்னிலையில் போட்டால், நம் ஆட்கள் ‘பன்னிரண்டு மூணு’ என்று சொல்லும் ஒப்பந்தம், எல்லோரையும் கட்டுப்படுத்தும். நேரடியாகப் போடும் ‘பதினெட்டு ஒன்னு’ கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும். பிரிவு எண்கள் புதிய தொகுப்பில் மாறிவிட்டன, வித்தியாசம் மாறவில்லை. சங்கத்திலிருந்து விலகுகிறேன், வேறு கோரிக்கை எதுவும் எனக்கு இல்லை என்ற வரி அந்தக் காகிதத்தில் இருந்தால் கையெழுத்து வேண்டாம். அப்படி இல்லாமல் வெறும் ரசீது என்றால், ‘என் மற்ற உரிமைகளுக்கும் நிலுவையில் உள்ள தாவாவுக்கும் பாதிப்பின்றி’ என்று கையெழுத்துக்கு மேலே எழுதிவிட்டு வாங்கிக்கொள்ளட்டும். எழுத விடமாட்டோம் என்று எச்ஆர் சொன்னால், அதே நாளில் சமரச அதிகாரிக்கு ரிஜிஸ்டர் தபாலில் ஒரு கடிதம் போனால் போதும்.